அச்சாறு ரகசியத்துக்கு நாற்பத்து நான்கு கையெழுத்து

நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியின் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் பியோனாக இருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். பஸ் போர்டு வாசிப்பேன். என் பெயரை எழுதுவேன். அதைவிட நீளமாக எது இருந்தாலும் எனக்குக் கண் கூசும்.

போன மாதம் அதே ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளம் லோயர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். இப்போதெல்லாம் போனில் சமையல் வீடியோ போடுகிறவர்கள் ஆபீசுக்கு நிறைய வருகிறார்களாம். "என் ரெசிப்பியைத் திருடிவிட்டார்கள், சட்டத்தில் என்ன வழி?" என்று கேட்கிறார்களாம். உலகத்துக்கே தானே செய்து காட்டிவிட்டு அப்புறம் வந்து கேட்கிறார்கள். சரி, இதற்கு முன்னால் இப்படி ஏதாவது கேஸ் வந்திருக்கிறதா என்று இவர்கள் ஆபீசில் விசாரித்தபோது, "அச்சாறு கேஸ் ஒன்னு இருக்கு. மாரிமுத்துகிட்ட போய்க் கேளுங்க. அந்தக் கேஸைக் கெடுத்தது அவன்தான்" என்று பதில் வந்ததாம். முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு அங்கே எனக்கு மிஞ்சியிருக்கும் பெயர் அதுதான்.

ஆகவே சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல வந்தவர்களில் ஒருத்தி எழுதிக்கொள்கிறாள். எழுத்துத் தமிழ் அவளுடையது, முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டப் போனேன். தேயிலைச் செடியை விட்டுவிட்டு என் கால் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். இவன் கையில் கத்தி இருந்தால் தோட்டத்துக்கே ஆபத்து என்று கங்காணியே என்னைக் கூட்டிவந்து அருளப்பன் ஐயாவிடம் விட்டார். முதல் சில வருஷம் டீ வாங்கினேன், முத்திரை ஒட்டினேன், கோர்ட்டுக்கும் கச்சேரி என்கிற அரசாங்க ஆபீசுக்கும் பைல் தூக்கினேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஐயா முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ எனக்காகவே ஒரு முறை வைத்தார். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு நம்பர். அந்தக் கேஸில் சேரும் ஒவ்வொரு கடதாசியின் வலது மூலையிலும் பென்சிலால் அதே நம்பரைப் போடுவார். ஒரே நம்பர் உள்ள கடதாசிகளை ஒன்றாகச் சேர்த்துக் குத்துவது என் வேலை. அந்த வேலையில் நான் ஒருநாள்கூடத் தப்புச் செய்ததில்லை. இந்தக் கதையில் வரப்போகும் நாசம் எல்லாம் அந்த வேலையைச் சரியாகச் செய்ததால் வந்ததுதான்.

ஐயா கத்துகிற ஆள் இல்லை. சந்தோஷமாக இருந்தால் "டேய் மாரி" என்பார். சாதாரண நாளில் "மாரிமுத்து, நீ போ, நீ வா." கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். பென்சிலை எடுத்து மெதுவாகச் சீவிக்கொண்டே, "நீங்க கொஞ்சம் உக்காருங்க மாரிமுத்து" என்பார். அந்த "நீங்க"வைக் கேட்டால் நான் பென்சிலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பென்சில் எவ்வளவு குட்டையாகிறதோ அவ்வளவு பெரிய தப்பு என்று அர்த்தம்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் பாக்கியம் ஆபீசுக்கு வந்தாள். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். முழங்கால் போனதும் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு, நீர்வீழ்ச்சிக்குக் கீழே வான்கள் நிற்கிற வளைவில் ஒரு சின்னக் கடை போட்டாள். மரத்தக்காளி அச்சாறு விற்றாள். அந்தப் பழம் நம் பக்கத்தில் வேலி ஓரத்தில் காய்த்துத் தொங்கும். தோல் கசக்கும், உள்ளே புளிக்கும். அதை வைத்து இவள் போட்ட அச்சாறு மாதிரி நான் எங்கும் சாப்பிட்டதில்லை. புளிப்பு முதலில் வரும். காரம் பின்னால் வரும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாசம் தொண்டையிலிருந்து மேலே ஏறும். அது எதனுடைய வாசம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும் கையெழுத்துப் போட்டவன்.

கடையில் அவளோடு செல்வி, மேகலா என்று இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். மூன்று அடுப்பு எரிவது அந்தப் போத்தல்களால்தான்.

சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த சண்முகம் முதலாளி அவளிடம் ஒரு பேச்சு எடுத்திருந்தார். "செய்முறைய எழுதிக் குடு பாக்கியம். நான் பெரிசாப் போட்டு லொறியில கொழும்புக்கு அனுப்புறேன். ரெண்டு பேருக்கும் லாபம்." அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள்.

"எங்களுக்குக் காணி உறுதிப் பத்திரந்தான் இல்ல. அச்சாறுக்காவது ஒரு உறுதி எழுதிக் குடுங்க ஐயா" என்றாள்.

ஐயா கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். தண்ணீர் குடித்தார். "களவு போகக்கூடிய சாமான்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தார்.

"அச்சாறுக்கு உறுதி எழுத முடியாதும்மா. நீ எழுதி வச்ச கடதாசிய ஒருத்தன் அப்படியே அச்சடிச்சு வித்தா தடுக்கலாம். அதே கடதாசியப் பாத்து அடுப்புல வச்சுச் சமைச்சா, அந்தச் சட்டம் ஒன்னும் செய்யாது."

"அப்ப அந்தக் கண்டுபிடிப்புக்கெல்லாம் குடுப்பாங்களாமே ஐயா, பேட்டன்ட்டோ என்னமோ?"

"அதுக்கு உலகத்துல இல்லாத புது விஷயமா இருக்கணும். அச்சாறு போடுறது எந்த ஊர்ல புதுசு? அப்படியே கெடச்சாலும், எப்படிச் செய்றன்னு நீயே ஊருக்கு வெளியிடணும். காலம் முடிஞ்சா யாரும் செய்யலாம்."

"வெளியிடுறதுக்கா நான் இங்க வந்தேன்?"

"போத்தல் மேல ஒட்டுற பேரையும் படத்தையும் ஒன்னோட வியாபாரக் குறின்னு கொழும்புல பதியலாம். மரத்தக்காளி அச்சாறுங்கிற பேர் யாருக்கும் சொந்தமில்ல. ஒன் பேரும் ஒரு படமும் சேத்துப் பதியலாம். ஆனா அது பேருக்குத்தான் காவல். உள்ள இருக்கிற அச்சாறுக்கு இல்ல."

நான் டீயோடு நின்றுகொண்டிருந்தேன். "அப்ப சட்டியத் தெறந்து போட்டு மூடிக்குப் பூட்டுப் போடுற மாதிரி" என்றேன். பியோன் பேசக்கூடாத இடம். ஆனால் ஐயா தலையாட்டினார்.

"உள்ளதுக்கு ஒரே வழி, ரகசியத்த ரகசியமாவே வச்சுக்கிறது. சட்டம் அதையும் காப்பாத்தும். ஆனா மூணு விஷயம் கேக்கும். ஊருக்குத் தெரியாததா இருக்கணும். தெரியாம இருக்கிறதாலயே அதுக்கு ஒரு மதிப்பு இருக்கணும். அத மறைக்கிறதுக்கு நீ ஒழுங்கா முயற்சி எடுத்திருக்கணும். கதவத் தெறந்து வச்சவனுக்கு அந்தச் சட்டம் உதவாது."

அன்றே வேலை தொடங்கியது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஐயாவே டைப் அடித்தார். பாக்கியம் சொல்லச் சொல்ல செய்முறை ஒரு தாளில் வந்தது, இரண்டு பிரதி. அடித்து முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். முதல் பிரதியை அவர் மூடிய விதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். தாளை மூன்றாக மடித்தார். உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டிய வாயின் மேல் பாதிக் கையெழுத்து மூடியிலும் பாதி உறையிலும் விழும்படி தானும் போட்டு, அவளையும் போட வைத்தார். தேதி எழுதினார். சிவப்பு அரக்கை மெழுகுதிரியில் காட்டி, சொட்டவிட்டு, முத்திரை வைத்தார். அரக்கு காயும்வரை பூசை பார்க்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

செல்விக்கும் மேகலாவுக்கும் தனியாக ஒரு கடதாசி அடித்தார். "பாக்கியத்தின் செய்முறை ரகசியம். எனக்குத் தெரிந்ததை யாருக்கும் சொல்லமாட்டேன், அதை வைத்து நானும் செய்யமாட்டேன்" என்று ஒரு வாக்கு. மசாலா இடிப்பவளுக்குப் பழத்தின் பக்குவம் தெரியக்கூடாது, பழம் பார்ப்பவளுக்கு மசாலா தெரியக்கூடாது என்று வேலையையும் பிரித்துக் கொடுத்தார். சண்முகம் முதலாளிக்கும் அதே வாக்கை எழுதி அனுப்பினார். முதலாளி கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். "குடும்பம் மாதிரிப் பழகுறோம், நமக்குள்ள கையெழுத்தா?" என்றாராம். "அப்ப செய்முறையும் கெடையாதுன்னு சொல்லிடு" என்றார் ஐயா. பாக்கியமும் சொல்லிவிட்டாள்.

முதலாளி விஷயம் முடிந்த அடுத்த நாள் ஐயா கோர்ட்டுக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டே என்னிடம் சொன்னார். "ரெண்டாவது பிரதிய நான் செஞ்ச மாதிரியே உறையில போட்டு அரக்கு வச்சு பாக்கியத்துகிட்டக் குடு. வாக்குக் கடதாசியில அந்த ரெண்டு பொம்பளைங்க கையெழுத்து வாங்கிட்டு வா. ரெண்டே ரெண்டு." இரண்டு விரலைத் தூக்கியும் காட்டினார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

மேசையில் மூன்று தாள். இரண்டின் மூலையில் 118. ஒன்றில் ஒன்றும் இல்லை. என் கை தானாகவே 118-ஐயும் 118-ஐயும் சேர்த்துக் குத்தியது. மிச்சம் இருந்த தாளை மூன்றாக மடித்து, உறையில் போட்டு, அரக்குச் சொட்டவிட்டு, ஐயா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு முத்திரை வைத்தேன். அது வெள்ளைத் தாள். அதைப் பாக்கியம் பெட்டியில் சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பல மாதம் விபூதி போட்டாள்.

இறம்பொடைக்குப் போனேன். செல்வியும் மேகலாவும் கையெழுத்துப் போட்டார்கள். தாளைப் பார்த்தேன். இரண்டு பெயர் பொட்டல்காட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ரோட்டுக்கு மனு எழுதினால் எண்பது பேர் போடுவோம். கரண்டுக்கு எழுதினால் நூறு பேர். இரண்டு கையெழுத்தோடு போன கடதாசியை எந்தத் துரையாவது திரும்பிப் பார்த்திருக்கிறாரா? ஐயா படித்தவர், டவுன்காரர், இது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். பாக்கியத்தின் கேஸைப் பலப்படுத்தக் கிளம்பினேன்.

முதலில் நானே போட்டேன். பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். மத்தியானம் எல்லாரும் கூடையோடு வரிசையில் நிற்கிற நேரம். "பாக்கியத்துக்காக ஒரு கையெழுத்து" என்றேன். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டவர் தோட்டத்துச் சங்கத் தலைவர் பெருமாள் ஒருவர்தான்.

"என்னா மாரிமுத்து, தண்ணித் தொட்டி விசயமா?"

"நல்ல விசயந்தான் தலைவரே."

தலைவர் கண்ணாடியைப் போட்டு, தாளைத் தூரத்தில் பிடித்து, தலையை இரண்டு தரம் ஆட்டி, கால் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார். முன்தாள் நிரம்பியது. புரட்டினேன். இரண்டாவது தாளில் எழுத்தைச் சுற்றி நல்ல இடம் இருந்தது. அங்கேயும் வாங்கினேன்.

திரும்பும்போது சந்தியில் மழை பிடித்தது. ஒதுங்கியது சண்முகம் முதலாளியின் கடையில். இடம் இருந்த தாளை மேலே வைத்து மடித்து, பேனாவோடு கல்லாப் பக்கத்தில் போட்டேன். "இருக்கிறவங்க ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு பருப்பு வடையும் ஒரு பிளேன்டீயும் முடித்தேன். மழை விட்டதும் கடதாசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் காலையில் அதை ஐயாவின் மேசையில் விரித்து வைத்தேன். "ரெண்டு கேட்டீங்க ஐயா. எண்ணிப் பாருங்க."

ஐயா பார்த்தார். புரட்டினார். பென்சிலை எடுத்தார்.

"நீங்க உக்காருங்க மாரிமுத்து."

உட்கார்ந்தேன்.

"ரகசியத்தச் சொல்லமாட்டேன்னு எழுதுன கடதாசியோட, அந்த ரகசியத்தையும் சேத்துக் குத்திக் கொண்டுபோய், நாப்பத்து மூணு பேர்கிட்டக் குடுத்திருக்கீங்க."

"குடுக்கல ஐயா. கையெழுத்து மட்டுந்தான் வாங்குனேன்."

பென்சில் பாதியாகிவிட்டது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் பாக்கியம் வந்து மேசையில் ஒரு போத்தலை வைத்தாள். அவளுடையது இல்லை. "சண்முகம் ஸ்பெஷல்" என்று லேபிள். ஐயா ஒரு கரண்டி எடுத்தார். கண்ணை மூடினார். தொண்டையிலிருந்து அந்த வாசம் ஏறியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வான்காரங்க எல்லாம் சந்தியிலயே வாங்கிக்கிறாங்க ஐயா. என் வளைவுக்கு யாரும் நிப்பாட்டுறதில்ல. மேகலாவ வரவேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் செல்வி. அப்புறம் நான்."

லேபிளில் பேர் வேறு, படம் வேறு. பாக்கியத்தின் பேரில் கொழும்பில் பதியக் கொடுத்திருந்த குறியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐயா முதலாளிக்குக் கடிதம் போட்டார். முதலாளியின் லோயர், ஒரு அம்மா, பதில் எழுதினார். ஐயா எனக்கு அதை வாசித்துக் காட்டினார். "இது ரகசியமே இல்லை. நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள் கையில் போன கடதாசி. அதைச் சட்டத்தரணியின் பியோனே கொண்டுவந்து என் கட்சிக்காரரின் கடையில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்."

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.

"அண்ணே, உள்ள என்னா சாப்பிட்டீங்க?"

"வடை."

"நல்லா இருந்துச்சா?"

திட்டியிருக்கலாம்.

அன்று சாயந்தரம் வேலையை விட்டுப் போகிறேன் என்று ஐயாவிடம் சொன்னேன். "போனா யாரு மலையேறுறது?" என்றார். "நீ ஒக்காந்து கேளு. அந்தக் கடதாசிய வாசிச்சவன், சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்து அது கீழ கையெழுத்துப் போட்டவன். வாசிக்காதவனுக்கு ஒன்னுமே தெரியாது. ரெண்டுல எதுவா இருந்தாலும் ரகசியம் வெளிய போகல. ஆனா அத அவங்க வாயால சொல்லணும். ஒவ்வொருத்தரும் ஒரு சத்தியக் கடதாசி. ஒரு ஆள் 'வாசிச்சேன், நாலு பேருக்குச் சொன்னேன்'னு சொல்லிட்டாப் போதும், பாக்கியம் கடைய மூடிடலாம்."

அவர் "நீ" என்று சொன்னதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், சத்தியக் கடதாசிக்குச் சாட்சி வைக்கிற சமாதான நீதவானை உட்கார வைத்து வேலையை ஆரம்பித்தோம். அங்கேதான் சங்கடம். "நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன்" என்று எழுதியிருந்த அந்தக் கடதாசியை, வாசிக்காமல் கையெழுத்து வைக்க ஒருத்தரும் தயாராக இல்லை. போன தடவை பட்ட பாடு அப்படி. ஒவ்வொரு ஆளும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், எழுத்துக்கூட்டி, பக்கத்து ஆளிடம் கேட்டு, திரும்ப வந்து சந்தேகம் கேட்டார்கள்.

"இதுல 'உளமார'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா?"

"நெசமான்னு அர்த்தம்."

"அப்ப நெசமான்னே போடுங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

எல்லாருடையதிலும் சுலபமான சத்தியக் கடதாசி என்னுடையதுதான். "எனக்கு வாசிக்கத் தெரியாது." ஒரு வரி. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இருபத்தெட்டு வருஷமாக ஆபீஸ்காரன் என்று தோட்டத்தில் ஒரு கெத்து வைத்திருந்தேன். அது அன்றோடு போயிற்று.

கடைசியில் பெருமாள் தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம், "படிக்காம எதுலயும் கையெழுத்து வைக்காதீங்க. என்னப் பாருங்க" என்று பேசுகிறவர். வரிசையில் நிற்காமல் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

பாக்கியம் எழுந்துவிட்டாள். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"சந்தோசம் தலைவரே. அதுல என்னா எழுதியிருந்துச்சு?"

"அதான். தண்ணித் தொட்டி. மேல் லயத்துக்கு ஒன்னு, கீழ் லயத்துக்கு ஒன்னு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்த தடவை வீட்டுக்கோ வேலைக்கோ பேர் கொடுக்க யாரிடம் போவது? நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா குனிந்து தலைவருடைய கடதாசியில் ஒரு வரியை வெட்டினார். பேனாவால் புது வரி எழுதி உரக்க வாசித்தார். "அந்தக் கடதாசி தண்ணீர்த் தொட்டி சம்பந்தமானது என்று நான் முழுமையாக நம்பிக் கையெழுத்திட்டேன். அச்சாறு பற்றி எனக்கு எதுவும் தெரியாது."

"சரியாச் சொன்னீங்க" என்றார் தலைவர். மறுபடியும் கால் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்து மூன்றும் முடிந்தது. ஆபீசில் டைப்பிஸ்ட் ஒவ்வொன்றாகப் பழைய கடதாசியோடு ஒப்பிட்டுப் புள்ளி வைத்தபோது ஒரு கையெழுத்து மிஞ்சியது. இரண்டாவது தாளின் அடியில், நான் கோயில் கமிட்டி முத்திரை என்று நினைத்திருந்த நீலக் கறைக்குள் இருந்தது. எங்களால் பேரைப் பிடிக்க முடியவில்லை. நான் இரண்டு நாள் லயம் லயமாக ஏறி இறங்கினேன். யாரும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்து சொன்னேன். ஐயா பூதக்கண்ணாடியை எடுத்து நீலக் கறையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"டேய் மாரி" என்றார். அவ்வளவுதான். கடதாசியைப் பைலில் வைத்து மூடிவிட்டார்.

வழக்குப் போடும் முன்னால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாகி, முதலாளியும் அவருடைய லோயர் அம்மாவும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். பாக்கியம் ஒரு ஓரத்தில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டீ கொடுத்தேன். முதலாளிக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் சிந்தியது, அவர் மேல்தான்.

ஐயா சத்தியக் கடதாசிகளை எடுத்து வைத்தார். லோயர் அம்மா பொறுமையாகப் பார்த்தார். "இவங்க வாசிக்கலன்னே வச்சுக்குவோம். என் கட்சிக்காரர் வாசிச்சாரே. அது அவர் கடையில, எல்லாரும் பாக்கத் தெறந்து கெடந்தது. அவர் யாருக்கும் ஒரு வாக்கும் குடுக்கலையே? நீங்க அனுப்புனதையும் அவர் கையெழுத்துப் போடாமத்தானே திருப்பி அனுப்புனாரு?"

"அதான் எனக்கும் தெரியணும்" என்றார் ஐயா. "மொதலாளி, அந்தத் தாள நீங்க நல்லா வாசிச்சீங்களா?"

"வரி விடாம வாசிச்சேன் ஐயா" என்றார் முதலாளி. "கடைக்காரன் நான். பில்லுல ஒரு எழுத்து விடமாட்டேன். ஒங்க ஆளு வடை திங்கிற நேரத்துல சீட்டுல எழுதியும் எடுத்துக்கிட்டேன். தெறந்து கெடந்தத எழுதுனா குத்தமா?"

"இல்ல. வாசிச்சுட்டு?"

"வாசிச்சுட்டு என்னா?"

ஐயா கடதாசியை மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்தார். நீலக் கறை மேல் பென்சில் நுனியை வைத்தார். "இது ஒங்க கடை ரப்பர் ஸ்டாம்பு. உள்ள இருக்கிறது ஒங்க கையெழுத்து."

முதலாளி குனிந்து பார்த்தார். தோட்டத்து ஆட்கள் எந்த மனு கொண்டுவந்தாலும் கடை முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போடுவது அவருடைய பழக்கம். எல்லாரும் வாடிக்கைக்காரர்கள், முகத்தை முறிக்க முடியுமா? அன்றைக்கும் அவர் பழக்க தோஷத்தில் குத்தியிருக்கிறார்.

"இப்ப முன்தாளப் பாருங்க" என்று ஐயா புரட்டினார்.

முதலாளி அதை அப்போதுதான் பார்க்கிறார். நான் மடித்து வைத்ததில் மேலே இருந்தது செய்முறைத் தாள்தான். முன்தாளில் இருந்தது, அவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்று திருப்பி அனுப்பிய அதே வாக்கு. "யாருக்கும் சொல்லமாட்டேன், அதை வைத்து நானும் செய்யமாட்டேன்." உதட்டை அசைத்து வரி விடாமல் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய லோயர் அம்மா தன் பேனாவை மூடினார்.

"இந்தப் பக்கத்த நான் பாக்கல" என்றார் முதலாளி, மெதுவாக.

"அப்ப நீங்களும் முழுசா வாசிக்காமத்தான் போட்டீங்க" என்றார் ஐயா. "ஒரு சத்தியக் கடதாசி குடுக்கிறீங்களா? நாப்பத்து நாலாவதாச் சேத்துக்கிறேன்."

லோயர் அம்மா முதலாளியை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். என்ன பேசியிருப்பார் என்பதை ஐயா பிறகு எனக்கு விளக்கினார். வாக்குத் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பியதாலேயே, இது இன்னொருத்தியின் ரகசியம் என்று இவருக்கு முன்பே தெரியும். அதன் மேல் இந்த முத்திரை. வழக்குக்குப் போனால் நீதிபதி முன்னால் இதையெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். சண்முகம் ஸ்பெஷல் நிற்கும், எழுதி எடுத்த சீட்டு பாக்கியத்தின் கைக்கு வரும் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதலாளி அதை முன்னும் பின்னும் நான்கு தரம் வாசித்தார். குத்தூசியைக் கழற்றி நடுவில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தார்.

எழுந்திருக்கும்போது கேட்டார். "அப்ப நான் இனிமே அச்சாறே போடக்கூடாதா?"

"தாராளமாப் போடலாம்" என்றார் ஐயா. "ஒங்க சொந்த மூளையால, ஒங்க சொந்த நாக்கால கண்டுபிடிச்சுப் போடுங்க. அதத் தடுக்கச் சட்டமே இல்ல."

மேகலா வேலைக்குத் திரும்பி வந்தாள். வான்கள் மறுபடியும் வளைவில் நின்றன. இரண்டு மாதம் கழித்து, நிஜமான இரண்டாவது பிரதியை அரக்கு வைத்த உறையில் கொடுக்க நான் போயிருந்த அன்று, பாக்கியத்தின் கடைக்கு முதலாளி வந்தார். கையில் ஒரு சின்னப் போத்தல். முகத்தில் ஒரு வெட்கம். ஐயா சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு, சொந்தமாகவே ஒன்று கண்டுபிடித்துவிட்டாராம். மரத்தக்காளிதான்.

"நீ ஒரு வாய் பாத்துச் சொல்லு பாக்கியம். ஒன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

பாக்கியம் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். நானும் தொட்டேன். தோலின் கசப்பு காதுவரை ஏறியது. என்ன தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பறிக்கிறபோது பக்கத்துச் செடிக்காரிக்கும் இரண்டு பிடி கொழுந்து போட்டுக் கொடுக்கிற கை அவளுக்கு. சமையலில் யார் தடுமாறினாலும் வாய் தானாக வழி சொல்லிவிடும். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து உதட்டுக்கு வந்தது. நாற்பத்து நான்கு கையெழுத்தும், ஐயாவின் அரக்கும், கொழும்புக்குப் போன விண்ணப்பமும் அந்த ஒரு உதட்டுக்கு முன்னால் சும்மா நின்றன.

அவள் செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க மொதலாளி" என்றாள். "இப்படியே போடுங்க. ஒன்னையும் மாத்தாதீங்க."